பன்னிரண்டு கேட்ட மாப்பிள்ளை

கோச்சடை,
திங்கட்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் ஜூடு அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் மரியராஜ் எழுதிக்கொள்வது. நானும் அற்புதமேரியும் மகள் ஜெஸியும் மாதா தயவில் சுகமாக இருக்கிறோம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தங்கள் முழங்கால் வாசல்வரை நடக்கிறது என்று கேள்விப்பட்டோம், மிக்க சந்தோஷம். நேற்று நடந்ததைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தால் அற்புதமேரி நடுவில் போனைப் பிடுங்கி முடிவை மட்டும் சொல்லிவிடுவாள். வரிசையாகச் சொன்னால்தான் என்மீது அதிகத் தப்பு இல்லை என்பது தங்களுக்கு விளங்கும்.

தாங்கள் பார்த்துச் சொன்ன விளாங்குடி வரன் ஆன்சன், தன் அப்பா அம்மாவோடு நேற்று இரண்டாம் பூசை முடிந்த கையோடு வந்துவிட்டார். பையன் அடக்கமானவர், கேசரியை மீதம் வைக்காமல் சாப்பிட்டார். அவருக்கும் நம்ம ஜெஸியைப் போலவே கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைகிற வேலைதான் என்பதால், இருவரும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பிவைத்தோம். கொஞ்ச நேரத்தில் அற்புதமேரி என்னிடம் காப்பியைக் கொடுத்து, "மேல கொண்டு போங்க, போறப்ப இருமிட்டுப் போங்க" என்றாள். நான் கடைசிப் படியில் நின்று இருமலாம் என்று வாயைத் திறக்கிற நேரத்தில், மாப்பிள்ளை அழுத்தந்திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எட்டெல்லாம் பத்தாதுங்க. பன்னெண்டாவது இருக்கணும்." அதற்கு ஜெஸி, "எட்டு போதும், எங்கப்பாகிட்ட அம்புட்டுதான் கேக்க முடியும்" என்றாள். அவர் விடவில்லை. "அதோட டிரைவர் முக்கியம். சர்டிபிகேட் உள்ள டிரைவரா இருக்கணும், இல்லாட்டி பாதி வழியில நிப்பாட்டிருவான்." மச்சான், எனக்கு இருமல் வரவில்லை. பன்னிரண்டு பவுனும் போட்டு, காரும் கொடுத்து, அதை ஓட்டச் சான்றிதழ் வைத்த டிரைவரும் நான்தான் தேட வேண்டுமா?

காப்பியோடு கீழே இறங்கி வந்தேன். கோபப்படவில்லை. ஆன்சனின் அப்பாவிடம் நிதானமாகத்தான் சொன்னேன்: "அண்ணே, எங்க வீட்ல கேட்டு வாங்குற பழக்கமும் இல்ல, கேட்டா குடுக்குற பழக்கமும் இல்ல. கேசரி சாப்பிட்டாச்சு, நல்லபடியா போயிட்டு வாங்க." அந்த மனிதர் கையிலிருந்த மிக்சர் அப்படியே நின்றுவிட்டது. "நாங்க ஒண்ணுமே கேக்கலையேண்ணே" என்றார். மாடியில் கேட்டதை நான் சொன்னதும் அவர் முகம் சிவந்து, செருப்பைக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினார். வெயிலில் காய்ந்த தளத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே, "யார்ரா உனக்குப் பவுன் கேக்கச் சொல்லிக் குடுத்தது? அவமானமா இருக்குடா!" என்று மகனைப் பிடித்து உலுக்கினார். பையன் வெளிறிப்போய், "எந்தப் பவுனுப்பா?" என்றார். நம்ம ஜெஸிதான் முதலில் புரிந்துகொண்டாள். சிரித்துச் சிரித்துத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஜெஸி கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறாள். முதல் வேலையாக ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை வரைந்து தரும் பொறுப்பு கிடைத்திருக்கிறது. இது சரியாக அமைந்தால்தான் அடுத்தது வரும், இல்லையென்றால் விட்ட வேலையும் போனதுதான். அதற்குக் கனமான வேலை செய்கிற லேப்டாப் வேண்டும், அதற்குள் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு வேண்டும். விளையாட்டுக்கு இல்லாமல் தொழிலுக்கென்றே வருகிற கார்டில் ரெண்டாயிரம் என்று ஒரு ரகம், நாலாயிரம் என்று இன்னொரு ரகமாம். எட்டும் பன்னிரண்டும் அவற்றின் மெமரி. டிரைவர் என்பது அந்தக் கார்டை இயக்கும் சாப்ட்வேராம், மனிதனே இல்லை. இத்தனையும் கேட்ட அற்புதமேரி, "ரெண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் ரெண்டாயிரந்தானே வித்தியாசம், நான் தாரேன், சண்டை போடாதீக" என்று பர்ஸை எடுத்துவிட்டாள். அது ரூபாய் இல்லை, பெயர் என்று புரியவைக்க இன்னொரு காப்பி ஆனது.

நான் மன்னிப்புக் கேட்டேன், ஆன்சனின் அப்பாவும் கேட்டார், எதற்கு என்று இருவருக்குமே சரியாகத் தெரியவில்லை. மனது லேசானதும், கடைக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று எல்லாருமாகக் கிளம்பினோம். அங்கே இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜெஸி வரைந்து வைத்திருந்த ஆஸ்பத்திரிப் படத்தை ஓட்டிக் காட்டினார்கள். ரெண்டாயிரம் கைக்கு அடக்கம், சத்தமும் இல்லை, ஆனால் கட்டடத்தைத் திருப்பினால் சுவர் முதலிலும் கூரை பின்னாலும் வந்து சேர்ந்தது. நாலாயிரம் கட்டடத்தைப் பம்பரமாகச் சுற்றியது, ஆனால் மாவு மில் மாதிரி இரைந்தது, அதன் சார்ஜரே ஒரு செங்கல் கனம். நான் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கீழே வைத்தேன்.

ஆன்சன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஜெஸி, பன்னெண்டு வேணும்னு நான் சொன்னது தப்பு, கார்டுல குறை இல்லங்க. இந்த வேப்பமரத்துல ஒவ்வொரு இலையையும் தனித்தனியா வரைஞ்சிருக்கீங்க. இதைக் குறைச்சா ரெண்டாயிரமே ஓட்டிரும்" என்றார்.

"குறைக்க மாட்டேன்."

"யாருங்க பாக்கப் போறா?"

"கட்டில்ல படுத்திருக்கவுக. அவுகளுக்கு ஜன்னல் வழியாத் தெரியிறது அது ஒண்ணுதான்."

அந்தப் பையன் படத்தைத் திருப்பி, கட்டில் பக்கமிருந்து ஜன்னல் வழியாக அந்த மரத்தைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "நாலாயிரமே குடுங்க" என்றார். அதே நேரத்தில் ஜெஸி, "வேணாம், நீங்க சொன்னதுதான் சரி. இலையைக் குறைச்சுக்கிறேன், ரெண்டாயிரம் குடுங்க" என்றாள். அவ்வளவுதான், சண்டை திரும்பவும் ஆரம்பம். இப்போது அந்த மரத்து விஷயத்தில் அவள் கட்சியை அவரும் அவர் கட்சியை அவளும் பேசினார்கள். நீ சொன்னதுதான் சரி, இல்லை நீங்கள் சொன்னதுதான் சரி என்று இப்படிக் கோபமாகப் பேசுகிறவர்களை நான் பார்த்ததே இல்லை. கடைக்காரர் எங்களுக்கு நாற்காலி போட்டார், பிறகு ஃபேனையும் போட்டார், கடைசியில் ஷட்டரைப் பாதி இறக்கினார். எதையும் வாங்காமல் அவரவர் வண்டியில் கிளம்பினோம். ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்த ஜெஸி, வீடு வரும்வரை போனில் எதையோ தட்டிக்கொண்டே வந்தாள். மாடியில் நான் பேசாமல் இருமியிருந்தாலே எல்லாம் ஒழுங்காக நடந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆகவே மச்சான், நன்றாக யோசித்து எழுதுகிறேன். பையன் தங்கமானவர், பெற்றவர்கள் மானஸ்தர்கள். ஆனால் ஒரு கார்டை வாங்க முடியாத இருவர் எப்படிக் குடித்தனம் நடத்துவார்கள்? இந்தச் சம்பந்தம் சரிப்படாது என்று விளாங்குடிக்குத் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் மனம் நோகக்கூடாது, முக்கியமாக அந்தப் பையனுடைய மனம்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் கால் சீக்கிரம் படியேறி வர எங்கள் ஜெபம்.

இப்படிக்கு,
மரியராஜ்

பி.கு.: இதை மடித்து உறையில் போடும்போது வாசலில் பைக் சத்தம் கேட்டது, காலையிலேயே வெளியே போயிருந்த ஜெஸி வந்து இறங்கினாள். கடை திறந்ததுமே அவளும் ஆன்சனும் போய் நாலாயிரத்தை வாங்கிவிட்டார்களாம், மரத்தில் ஓர் இலைகூடக் குறையவில்லையாம். எனவே விளாங்குடிக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சாமியாரை எப்போது பார்க்கலாம் என்று மட்டும் எழுதுங்கள். "இம்புட்டுக் கனத்தை நீ எப்படிம்மா தூக்கிட்டு அலைவ?" என்று ஜெஸியிடம் கேட்டேன். அவள் வாசலைக் காட்டினாள். பையை ஒரு தோளிலும் சார்ஜரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஆன்சன் நின்றிருந்தார். "நான் எதுக்குப்பா தூக்கணும்? அதுக்குத்தானே ஆளு பாத்துக் குடுத்திருக்கீக" என்றாள்.