லத்தீனோ அலமாரி

மைசூர் ஹெப்பாள் வட்டார நூலகத்துக்கு ஒரு நல்ல மனிதர் முப்பது புத்தகங்களை நன்கொடையாக அனுப்பிவைத்தார். அத்தனையும் அமெரிக்காவில் வளரும் லத்தீனோ பிள்ளைகளின் கதைகள். அதாவது மெக்சிகோ முதலான தேசங்களிலிருந்து பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளைகள். நூலகர் பூங்குழலி சந்தோஷமாக எண் போட்டு அடுக்கினாள்.

எட்டாம் வகுப்பு வைஷாலி அதில் ஒன்றை அங்கேயே உட்கார்ந்து, அகராதியும் கையுமாகப் பாதிவரை படித்துவிட்டாள். கதையில் வரும் பெண்ணின் அப்பா கட்டட வேலைக்காரர். வைஷாலியின் அப்பாவும் அதே. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்காக இங்கிலீஷ் பேசுகிறாள். வைஷாலி ரேஷன் கடையில் அம்மாவுக்காகக் கன்னடம் பேசுகிறாள். சனிக்கிழமை குடும்பம் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறது. அதற்குள் மீதியைப் படித்தாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் முனிராஜ் ஒரு சுற்றறிக்கையோடு வந்து சேர்ந்தார். எந்தச் சமூகத்தைப் பற்றிய நூலோ, அது அந்தச் சமூகத்தாருக்கே முதலில் வழங்கப்பட வேண்டும். மைசூரில் லத்தீனோ ஒருவரும் இல்லை. ஆகவே அவர்களது முன்னுரிமைக்குப் பங்கம் நேராவண்ணம் அலமாரி பூட்டப்பட்டது.

லத்தீனோ என்றால் யார் என்று பூங்குழலி விளக்கம் கேட்டு எழுதினாள். தலைமையகம் ஒரு புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்து மூன்று தகுதிகளை வரையறுத்தது: பெற்றோர் பிழைப்புக்காக வேறிடத்திலிருந்து வந்திருத்தல்; வீட்டில் ஒரு மொழி, வெளியில் வேறு மொழி பேசுதல்; எந்த ஊர் என்று பிறரால் அடிக்கடி வினவப்படுதல்.

வைஷாலிக்கு நேர்காணல் நடந்தது. முதல் இரண்டும் சரியாக இருந்தன.

"நிந்து யாவ ஊரம்மா?" என்று கன்னடத்தில் ஊரைக் கேட்டார் முனிராஜ்.

"ஹனூருங்க சார்."

'வினவப்பட்டது' என்று எழுதி மூன்றாவதற்கும் டிக் அடித்தார். பூங்குழலிக்கு மனம் குளிர்ந்தது. அதற்குள் முனிராஜின் பேனா நின்றுவிட்டது.

"மேடம், எங்கப்பா கோலார்ல இருந்து வந்தவரு. வீட்ல தெலுங்கு. அப்போ நானும் லத்தீனோதானே?"

வயது வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை. துளு பேசும் எழுத்தர் ரூபா, உருது பேசும் டிரைவர், கிளை நூலக ஊழியர்கள் என்று சாயங்காலத்துக்குள் இலாகாவே லத்தீனோ ஆகிவிட்டது. வழங்கல் பணிமூப்புப்படி நடந்தது. முப்பதாவது பெயர், கொள்ளேகாலிலிருந்து வந்த பூங்குழலி. முப்பத்தொன்று வைஷாலி. மிஞ்சியிருந்ததோ, வைஷாலி பாதி படித்த அதே புத்தகம். பூங்குழலி விட்டுக்கொடுக்கத்தான் நினைத்தாள். இன்றைக்கு விட்டால் நாளைக்குப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள் என்று ரூபா பயமுறுத்தவே, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை வைஷாலி நூலக வாசலில் வந்து நின்றாள். சாமான் ஏற்றிய லாரி தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"புக்கு வேண்டாங்க மேடம். கடைசில அந்தப் பொண்ணுக்கு என்னாச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

பூங்குழலிக்கு வெட்கமாகப் போயிற்று. புத்தகம் வீட்டு ஷோகேஸில் இருந்தது. வாங்கிய முப்பது பேரில் ஒருவரும் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை; அவளும்தான். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்:

"அடுத்து எந்த ஊரும்மா?"