சர்வேயர் வீட்டுப் புது சிஸ்டம்

கணினித் திரையில் இருந்த படம் தலைகீழாகக் கவிழ்ந்தபோது மணி மூன்று. சர்வேயர் பயப்படவில்லை. வாயைப் பிளந்தார்.

"அடேயப்பா! இங்க வாயேன், இதை வந்து பாரேன்!"

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் தொங்கிய விசிலைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். அவளுடைய பள்ளி மைதானத்தின் வரைபடம் திரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"நிலத்தை வடக்கேயிருந்தும் பார்க்கணும், தெற்கேயிருந்தும் பார்க்கணும். சர்வேயருக்கு அதுதானே வேலை? அதைப் புரிஞ்சுக்கிட்டு தானாவே திருப்பிக் காட்டுது!"

"அதெல்லாம் இருக்கட்டும். அஞ்சு மணிக்குள்ள இந்தப் படம் நில ஆபீஸுக்குப் போகலேன்னா, பக்கத்துக் கட்டடக்காரர் பாதி மைதானத்தை வேலி போட்டு எடுத்துக்குவார். என் பிள்ளைங்க எங்க ஓடும்? மொட்டை மாடியிலயா?"

"போயிடும், போயிடும். வடக்கு எல்லை அளவுகளை மட்டும்தான் எழுதணும். புது சிஸ்டம் இருக்கறப்ப உனக்கு என்ன கவலை?"

இந்தப் புது சிஸ்டம் வீட்டுக்குள் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இன்னும் வெளிவராத இயங்குதளம் ஒன்றை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும் என்று ஒரு கம்பெனி அறிவித்திருந்தது. சர்வேயர் விண்ணப்பத்தை நிரப்பினார். நாற்பது பக்க நிபந்தனைகளை ஒரு வரிகூடப் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினார். அழுத்திய கையோடு, புதியது உள்ளே இறங்கட்டும் என்று கணினியை அணைத்து மறுபடி போட்டார். அணைத்தால் மறுபடி எழுந்திருக்காதோ என்ற பயத்தில் மூன்று வருடமாக அவர் அணைக்காமல் வைத்திருந்த கணினி அது.

அது எழுந்த வேகத்தைப் பார்த்து அவருக்குப் புல்லரித்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு வரைபடம் திறப்பதற்குள் அவர் குளித்துவிட்டு வந்துவிடுவார். இப்போது கண் இமைப்பதற்குள் திறந்தது. அன்றே கம்பெனிக்கு முதல் அறிக்கையை எழுதி அனுப்பினார்: 'அற்புதம். கை கூப்புகிறேன்.'

அதன் பிறகு தினமும் ஏதாவது ஒரு அதிசயம். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரை இளமஞ்சளாக மாறியது. "பொழுது சாயறது அதுக்குத் தெரியுது பாரு!" என்று அவர் சொன்னபோது மனைவி நம்பவில்லை. மறுநாள் அவள் கண்ணாடி இல்லாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எதையோ அழுத்த, எழுத்துகள் கொட்டை கொட்டையாகப் பெருத்தன. அவளும் அசந்துபோனாள். அன்றிலிருந்து கணினி இருக்கும் அறையில் இருவரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொண்டார்கள். அறிக்கைகள் முப்பத்தெட்டு ஆகியிருந்தன.

இப்போது முப்பத்தொன்பதாவது போனது: 'இரு திசைக் காட்சி பிரமாதம். ஆனால் எப்படித் திருப்புவது?'

பதில் வரவில்லை. மவுஸை வலது பக்கம் நகர்த்தினால் அம்புக்குறி இடது பக்கம் ஓடியது. வடக்கு எல்லையில் எழுத வேண்டிய அளவு தெற்கே கழிப்பறைச் சுவரில் போய் உட்கார்ந்தது.

"படம் திரும்பலேன்னா என்ன? நாம திரையைத் திருப்புவோம்," என்றார் சர்வேயர்.

திரையைத் தூக்கித் தலைகீழாக நிறுத்தி, நழுவாமலிருக்க மனைவியின் ஸ்கிப்பிங் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டினார்கள். படம் நேரானது. மவுஸும் சொன்ன பேச்சைக் கேட்டது. சர்வேயர் வெற்றிச் சிரிப்போடு இரண்டு அளவுகளை எழுதினார். மூன்றாவதை எழுதும்போது கயிறு தளர்ந்து திரை சரிந்தது. பாய்ந்து பிடித்தார். பிடித்த வேகத்தில் முழங்கை விசைப்பலகையில் மொத்தமாக விழுந்தது.

படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

"ஆஹா! இது கிழக்கேயிருந்து!" என்றார், அந்த நிலைமையிலும்.

"கிழக்கும் வேண்டாம் மேற்கும் வேண்டாம்! மணி நாலேகால்! பழைய சிஸ்டத்தையே போட்டுடுங்க!"

"பழசா? அந்தக் கட்டை வண்டியா? அதுல இதெல்லாம் கனவுலகூட வராது!"

அவள் திரையைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தாள். அவர் எழுதப் போனபோது இழுபட்ட ஒயர் கழன்று திரை இருண்டது. ஒயரை மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்க ஊன்றிய கை மறுபடி விசைப்பலகையில் பதிந்தது. வெளிச்சம் வந்தபோது படம் எதிர்ப் பக்கம் புரண்டு படுத்திருந்தது.

சர்வேயருக்கு முதல் முறையாக அழுகை வந்தது. இருபது வருடமாக ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்தவர். மனைவியின் பள்ளிப் பிள்ளைகள் ஓடும் இடத்தைத் தானே தொலைக்கப் போகிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். நாற்பதாவது அறிக்கையில் தொலைபேசி எண்ணைப் போட்டு ஒரே வரி எழுதினார்: 'காப்பாற்றுங்கள்.'

நாலு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண்.

"சார், பதறாதீங்க. கன்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு மேல் அம்புக்குறியை அழுத்துங்க."

அழுத்தினார். திரையை இறக்கி வைத்தார்கள். படம் சமர்த்தாக நேரே நின்றது. கழிப்பறைச் சுவரில் இருந்ததை அழித்து, மீதி அளவுகளை எழுதி, படத்தை அனுப்பினார். நாலு ஐம்பத்தாறுக்கு நில ஆபீஸிலிருந்து பதில் வந்தது: 'வரைபடம் கிடைத்தது.'

மனைவி வீடே அதிர விசில் ஊதினாள். சர்வேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், ஒரு மைதானத்தையே காப்பாத்திட்டீங்க. தப்பு என்னோடதுதான், சிஸ்டத்தோடது இல்ல. இப்படி ஒண்ணை என் வாழ்நாள்ல பார்த்ததில்ல. பொழுது சாயறது அதுக்குத் தெரியுது, வயசானவங்க கண்ணு மங்கினது தெரியுது... இதை உண்டாக்கின கைகளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்க!"



"சொல்றேன் சார். உங்க நாப்பது அறிக்கையையும் இன்னிக்குத்தான் எங்க எஞ்சினியருங்க எல்லாரும் உட்கார்ந்து படிச்சாங்க, ஆச்சரியம் தாங்கல," என்றாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கி. "ஏன்னா, நீங்க காத்திருப்போர் பட்டியல்ல இருக்கீங்க சார், எங்க சிஸ்டத்தை உங்களுக்கு இன்னும் அனுப்பவே இல்ல."