தொண்ணூறாவது சதமானமும் ஒரு புகார்க்காரரும்

“நேற்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கினேன். அதை வெப்ப நாள் என்று போட்டிருக்கிறீர்களே, தொண்ணூறு டிகிரியா அடித்தது?”

காலையில் கணினியைத் திறந்ததும் விளக்கக்காரரின் கண்ணில் பட்டது இந்தப் புகார்தான். அனுப்பியவர் பெயர் இல்லை.

வானிலை அலுவலகம் இணையத்தில் போடும் கணக்குகளுக்கு, எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று குறிப்பு எழுதுவது அவர் வேலை. அதை யார் படிக்கிறார்கள், பிரிவையே மூடிவிடலாமா என்று இயக்குநர் இன்று மாலை முடிவெடுக்கப் போகிறார். முந்தின இரவு வீட்டில் இதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே படுத்திருந்தார். இத்தனை வருஷம் ஈ காக்கை எட்டிப் பார்க்காத பக்கத்துக்கு இன்றைக்குப் பார்த்துத்தானா புகார் வரவேண்டும்?

‘தொண்ணூறாவது சதமானத்தைத் தாண்டினால் வெப்ப நாள்’ என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தார். தொண்ணூறு என்பது டிகிரி அல்ல. நாட்களை வெப்பப்படி வரிசையாக அடுக்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு நாள் அந்த எல்லைக்குக் கீழே நிற்கும் என்று சேர்த்தார்.

உடனே பதில் வந்தது. பத்து நாளுக்கு ஒரு நாள் வெப்பம் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டால் தெர்மாமீட்டர் எதற்கு, அலங்காரத்துக்கா?

கேள்வியில் நியாயம் இருந்தது. அடுக்கியது பழைய முப்பது ஆண்டுகளின் நாட்களை; இந்த ஆண்டில் எத்தனை நாள் எல்லையைத் தாண்டும் என்பதைத் தெர்மாமீட்டர்தான் சொல்ல வேண்டும். எல்லையும் ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனி. குளிர்காலத் தேதிக்கு அது தாழ்வாகத்தான் இருக்கும் என்று விரித்து எழுதினார். குறிப்பு அனுமார் வால் போல நீண்டது.

மதியம் வீட்டுக்குப் போன் செய்தபோது மாமியார் எடுத்தார். யாரோ ஒரு வேலைவெட்டி இல்லாத ஆள் தன் பிழைப்பில் மண் அள்ளிப் போடுவதாக அவரிடம் கொட்டித் தீர்த்தார்.

“பாவம், புரியாமத்தானே கேக்கறாங்க மாப்பிள்ளை? இன்னும் கொஞ்சம் புரியற மாதிரி எழுதுங்களேன்” என்றார் மாமியார்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மூன்றாவது புகார் வந்தது. நடுங்குகிற தேதிக்கென்று தனியாக ஒரு வெப்பமா, விளக்கம் சொல்கிறீர்களா, வேடிக்கை காட்டுகிறீர்களா? நகல் இயக்குநருக்கும் போயிருந்தது.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். விளக்கக்காரர் குறிப்பை அச்செடுத்துக்கொண்டு போனார்.

“உங்க பிரிவை மூடப்போறதில்லை. நம்ம ஆபீஸ்லயே வரி விடாம படிச்சுச் சண்டை போடற வாசகர் உங்களுக்குத்தான் இருக்கார். அவரை விட்டுடாதீங்க” என்றார் இயக்குநர்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லி முடித்தார். முகம் தெரியாத அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

தட்டை எடுத்து வைத்தபடியே மாமியார் சொன்னார்: “உங்க வேலை போயிடக் கூடாதேன்னு முதல் புகாரை எழுதினேன் மாப்பிள்ளை, மத்த ரெண்டும் நிஜமாவே புரியாம எழுதினது.”