அப்பா மேற்கு

பிள்ளைங்களே, முதல்லயே ஒத்துக்கொள்கிறேன். திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டே, மலை எங்கே இருக்கிறது என்று மறந்துபோன ஒரே ஆள் நான்தான்.

வெளியூர்க்காரர் மறந்தால் மன்னிக்கலாம். நான் பிறந்தது கீழ்பென்னாத்தூர். காலையில் பல் தேய்க்கும்போதே மலை இருக்கும் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுகிற குடும்பம். (பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டேதான். சாமி இதுவரைக்கும் கோவிச்சுக்கல.) அப்படிப்பட்டவன் மலையை மறந்தேன். அதுவும் பத்துப் பிள்ளைகளை மாடியில் நிற்க வைத்துக்கொண்டு.

நான் வயரிங் வேலை செய்கிறவன். படிப்பு பத்தாவது. வீடு வீடாக மாடி ஏறுகிற தொழில், மேலே போனால் வானம் சும்மா கிடைக்கும். ஒருமுறை பழைய பைனாகுலர் ஒன்று கைக்கு வந்தது. அதில் நிலாவைப் பார்த்தேன். முகமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. அடுத்த வாரம் வியாழன் கிரகத்தைப் பார்த்தால், பக்கத்தில் குட்டிக் குட்டியாக நாலு புள்ளி. அதுவும் நிலாவாம், நாலு நிலா! அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. என் மகள் இலக்கியாவுக்கும் அது ஒட்டிக்கொண்டது. என் மனைவி மேகலாவுக்கு மட்டும் ஒட்டவில்லை. (வீட்டுல ஒருத்தராவது தரையில நிக்கணும்ல?)

திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்காலில் புது வீட்டுக்குக் குடிவந்தது ஒரு சித்திரை மாசம். அன்று சாயங்காலமே மாடிக்கு ஓடினேன். சூரியன் மலைக்கு நல்லா வலது பக்கமாகத் தள்ளி, வெட்ட வெளியில் அழகாக இறங்கியது. கேட்டுக்கு அடித்த பச்சை பெயின்ட் மிச்சம் இருந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரில் பெரிய அம்பு ஒன்று வரைந்து, கீழே ‘மேற்கு’ என்று எழுதினேன். கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கினபோதுகூட அவ்வளவு பெருமையாக நின்றிருக்க மாட்டார். (அவரும் தப்பான இடத்துலதான் இறங்கினார்னு இலக்கியா அப்புறம் சொன்னா.)

அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்தது. சாயங்காலம் அஞ்சே காலுக்கு ஆரம்பம். ஆறு மணிக்குள்ள சூரியன் மறைந்துவிடும். நமக்குக் கிடைப்பது அரை மணி நேரம்தான், அதுவும் ஓரத்தில் ஒரு சின்னக் கடி.

ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்திருந்த ஒரு வெளிநாட்டுக்காரருக்கு நான் ஃபேன் மாட்டிக் கொடுத்திருந்தேன். அவர் சந்தோஷப்பட்டு, சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த அட்டைக் கண்ணாடி பத்து கொடுத்தார். வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும், விளையாட்டுக்குக்கூட பார்க்காதீங்க. ஆனால் அந்தக் கண்ணாடி போட்டால் சூரியனைத் தவிர வேறு எதுவுமே தெரியாது. பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாது. (இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வரும்.)

இலக்கியா ஏழாவது. வகுப்பு முழுக்க, “எங்க அப்பா கிரகணம் காட்டுவாரு” என்று சொல்லிவிட்டு வந்தாள். எட்டுப் பேர் வருகிறோம் என்றார்கள். ஆனால் அவளுடைய உயிர்த் தோழி ஹேமாவை வீட்டில் விடவில்லை. ஹேமாவின் அம்மா சரோஜாக்கா எங்கள் எதிர்வீடு. கிரகணம் என்றால் ஜன்னலைக்கூட சாத்திவிட்டு, குழம்பில் தர்ப்பை போடுகிறவர். இலக்கியா மூன்று நாள் கெஞ்சினாள். கடைசியில் சரோஜாக்கா என்னிடம் வந்தார்.

“தம்பி, உன்ன நம்பி அனுப்புறேன். நானும் கூட வருவேன். சொன்ன நேரத்துக்கு சொன்னபடி காட்டணும். ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சு, எம்பொண்ணு இனிமே உங்க மாடிப்படி மிதிக்க மாட்டா.”

இலக்கியா என் முகத்தைப் பார்த்தாள். “அக்கா, அம்பே போட்டு வச்சிருக்கேன்” என்றேன்.

அன்றைக்கு நாலே முக்காலுக்கே எல்லாரும் மாடியில். தீபாவளி முறுக்கு ஒரு தட்டு நிறைய வைத்தாள் மேகலா. கிரகண நேரம் என்று ஒரு பிள்ளையும் தொடவில்லை. சரோஜாக்கா இடுப்பில் தர்ப்பையைச் செருகிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார்.

சூரியன் என் அம்புக்கு இடது பக்கமாக எங்கேயோ மேலே நின்றது. நான் கவலைப்படவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது, நடந்து நடந்து அம்புக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். (சூரியன் என்ன டவுன் பஸ்ஸா, நான் போர்டு வச்ச இடத்துல வந்து நிக்க?)

அஞ்சு மணி தாண்டியதும், “எல்லாரும் கண்ணாடி போடுங்க, அம்பைப் பாத்து நில்லுங்க” என்றேன். பத்துக் கண்ணாடியும் காலி. ஒன்று எனக்கு, மீதி ஒன்பதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒரே கறுப்பு. ஒன்றுமே தெரியவில்லை.

“அங்கிள், எதுவுமே தெரியலயே?”

“இரு, வரும்.”

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல், இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது என்றது. நல்ல தரமான கண்ணாடி என்று பாராட்டினேன். அப்போதுதான் பின்னாலிருந்து மேகலா மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, கண்ணாடிய கழட்டிட்டுப் பாருங்க.”

கழற்றினேன். அம்பு காட்டிய இடத்தில் சும்மா வானம். இடது பக்கம் மலை, பிரம்மாண்டமாக, அண்ணாமலையாராகவே நின்றது. அதன் விளிம்பு மட்டும் பொன்னிறமாக மின்னியது. சூரியன் அதற்குப் பின்னால் போயே போய்விட்டது.

சூரியன் தினமும் ஒரே இடத்தில் மறையாது, பிள்ளைங்களே. சித்திரையில் வலது பக்கம் மறைந்தது, ஐப்பசி வருவதற்குள் இடது பக்கமாக நகர்ந்து நேராக மலைக்குப் பின்னால் போயிருந்தது. இந்த ஆறு மாசத்தில் ஒரு சாயங்காலம் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அம்பைத்தான் பார்த்தேன். மலையைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத்தான் தோன்றும், அது குறுக்கே நிற்கும் என்று எப்படித் தோன்றும்?

சரோஜாக்கா எழுந்து புடவையை உதறினார். கோபம்கூட இல்லை, பக்தியாகத்தான் சொன்னார்.

“பாத்தியா தம்பி. பாக்கக் கூடாதுன்றதாலதான் அவரே குறுக்க வந்து நின்னுட்டாரு. வாடி ஹேமா.”

ஹேமா இலக்கியாவின் கையை விடவில்லை. இலக்கியா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழே ஹாரன் சத்தம். மேகலாவின் தம்பி குமார், கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏற்றி வந்த வேர்க்கடலை மூட்டையை டவுனில் இறக்கிவிட்டு, தீபாவளிப் பலகாரம் கொடுக்கக் காலி குட்டியானை வண்டியோடு வந்திருந்தான். “எல்லாரும் ஏறுங்க” என்று கத்தினேன். (சாமான் ஏத்துற வண்டி. ஆளு ஏறக் கூடாது. நீங்க ஏறாதீங்க.) ஹேமா முதல் ஆளாக ஏறிவிட்டாள். மகளை இறக்குவதற்காக ஏறின சரோஜாக்காவும் உள்ளேயே மாட்டிக்கொண்டார்.

“எங்க மாமா போவணும்?” என்றான் குமார்.

“மேற்கால விடு மச்சான். சூரியன புடிக்கணும்.”

விட்டான். ரெண்டு நிமிஷம் போனதும் பின்னாலிருந்து டொம் டொம் என்று தட்டு. இலக்கியா எட்டிக் கத்தினாள்.

“அப்பா, கிட்ட போகப் போக மலை பெருசாயிட்டே வருது. தியேட்டர்ல முன்னாடி ஒசரமா ஒருத்தர் உக்காந்தா நாம கிட்டவா போவோம்? பக்கத்துல தள்ளித்தானே உக்காருவோம்?”

குமார் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைப் பார்த்தான். “மாமா, பொண்ணு சொல்றத கேக்கட்டா, உங்கள கேக்கட்டா?”

வண்டி திரும்பியது. வேலூர் ரோட்டில் வடக்கே பறந்தோம். போகப் போக மலை இடது பக்கமாக ஒதுங்கியது, வாசலில் வழிவிடுகிற பெரியவர் மாதிரி. பின்னால் பிள்ளைகள் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கூவிக்கொண்டே வந்தார்கள். ஒரு ஏரிக்கரை வந்தது. சட்டென்று வெளிச்சம் எல்லார் முகத்திலும் அடித்தது.

குதித்து இறங்கிக் கரை மேல் ஏறினோம். சூரியன் பனைமரத்துக்கு ரெண்டு முழம் மேலே இருந்தது. இலக்கியா கண்ணாடியைத் தான் போட்டுக்கொள்ளவில்லை, ஹேமாவுக்குத்தான் முதலில் போட்டுவிட்டாள்.

ஹேமா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சூரியன் பக்கம் திரும்பினாள். அப்புறம், “அம்மா, யாரோ அப்பளத்தைக் கடிச்சு வச்ச மாதிரி இருக்கும்மா” என்றாள்.

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒருவழியாக எனக்கும் ஒரு கண்ணாடி கிடைத்தது. கறுப்பு வானத்தில் ஆரஞ்சு வட்டம், ஓரத்தில் நிஜமாகவே ஒரு கடி. லட்சக்கணக்கான மைல் தள்ளிப் போகிற நிலா, நாங்கள் பார்க்கப் பார்க்க, சொன்ன நேரத்துக்கு சொன்னபடி வந்திருந்தது. தப்பான இடத்தில் நின்றது நான்தான்.

சூரியன் பனைமர உச்சியைத் தொடும்போது, சரோஜாக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். “அத இப்டி குடு.” பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கும்போது, “வீட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திக்கணும்” என்று மட்டும் சொன்னார். இறங்கும்போது மெல்ல, “அடுத்தது எப்போ?” என்றார்.

ஹேமா இன்றைக்கும் எங்கள் மாடிக்கு வருகிறாள். சரோஜாக்காவும்தான். பச்சை அம்பு அப்படியேதான் இருக்கிறது, அழிக்க இலக்கியா விடவில்லை. ‘மேற்கு’ என்ற வார்த்தைக்கு முன்னால் ‘அப்பா’ என்று சேர்த்து எழுதிவிட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு அஞ்சு திசை: கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, அப்பா மேற்கு.

நான் அடித்துச் சொல்கிற எதுவும் இப்போது அந்தத் திசைதான். போன வாரம், வண்டிச் சாவியை டிவி மேல்தான் வைத்தேன், சத்தியமாக அங்கேதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த சரோஜாக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“இலக்கியா, உங்கப்பன் மேற்குன்றான். போய் சட்டைப் பாக்கெட்டுல பாரு.”

அங்கேதான் இருந்தது.