தக்காளியிலிருந்து கொலைக்கு வந்த விவரம்

வினிபெக்,
செப்டம்பர் 22.

என் மதிப்புக்குரிய மூத்த சகோதரி வெர்னாவுக்குத் தம்பி லைல் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் பெர்னிஸும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போவதில்லை. அங்கே நீயும் ஸ்டான் அத்தானும் அறுவடையை முடித்துவிட்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. அடுத்த மாதம் உன் பேத்தி கிறிஸ்டாவின் கல்யாண விருந்தில் சாப்பாட்டு ஜெபத்தை நான் சொல்ல வேண்டாம், பாஸ்டரே சொல்லட்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்பா போன பிறகு நம் குடும்பத்துக் கல்யாணம் அத்தனையிலும் ஜெபம் சொன்னவன் நான். படித்ததும் மனசு கொஞ்சம் சுருங்கிப்போனது. நான் டிவியில் கொலைகளைப் பற்றிப் பேசுகிறவன் என்று பக்கத்துப் பண்ணைக்காரி உன்னிடம் சொல்லிவிட்டாளாம். உன் வீட்டில் டிவி கிடையாது. இருபத்தைந்து வருஷமாக நான் தக்காளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாய். நானும் அதைத் திருத்தவில்லை. தப்பு என்னுடையதுதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்.

1998-இல் மெர்வின் ப்ரூடன் என்னை வேலைக்கு எடுத்தபோது அது உண்மையிலேயே தோட்ட அலைவரிசைதான். மூடிப்போன ஒரு மெத்தைக் கடையின் நிலவறையில் இரண்டு காமிரா, ஒரு ஒலிவாங்கி, நான். தோட்ட நிகழ்ச்சிக்கு மட்டும் என்று ஒட்டாவாவில் அரசாங்கம் உரிமம் தந்திருந்தது. ஆனால் வினிபெக்கில் வருஷத்துக்கு எட்டு மாசம் பனி. ஜனவரியில் நான் "இதோ, இந்தப் பனிக்கு அடியில்தான் நம் துலிப் கிழங்குகள் உறங்குகின்றன" என்று அரை மணி நேரம் சொல்வேன், காமிரா அரை மணி நேரம் பனியைக் காட்டும். மொத்தமாகப் பார்த்தவர்கள் நானூறு பேர், அதில் பாதிப் பேர் டிவியைப் போட்டுவிட்டுத் தூங்கியவர்கள் என்று மெர்வினே சொல்வான். இரண்டாவது வருஷ இலையுதிர் காலத்தில், கிம்லியில் ஒரு அம்மாள் டேலியாக் கிழங்கு தோண்டுவதைப் படம்பிடிக்கப் போனோம். மண்வெட்டி டங்கென்று எதிலோ பட்டது. பார்த்தால் எலும்பு. போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மெர்வின் அந்தக் குழியையே காட்டினான், நான் பேசினேன். எனக்கு அப்போது பயங்கரச் சளி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. மானிடோபா மாகாணமே உட்கார்ந்து பார்த்தது, அக்கா. கடைசியில் அது மூஸ் மானின் தொடையெலும்பு என்று தெரிந்ததும், "ஒரு மனுஷ எலும்பு கூடக் கிடைக்கலையா உங்களுக்கு?" என்று இருநூறு பேர் கோபமாகக் கடிதம் போட்டார்கள்.

மெர்வின் அந்தக் கடிதங்களை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு என்னிடம் வந்து, "லைல், சளி எப்படி இருக்கு?" என்றான்.

"குறைஞ்சிடுச்சு மெர்வின்."

"என்னப்பா இப்படிச் செஞ்சிட்டே! அதைக் கொஞ்சம் பத்திரமா வச்சிருக்கக் கூடாதா? குரலைத் திரும்ப இறக்கு. இனிமே நமக்கு அதான் சோறு."

அன்றிலிருந்து குற்றம். ஆனால் உரிமம் தோட்டத்துக்குத்தானே? ஆகவே முதலில் செடி சம்பந்தப்பட்ட குற்றமாகத் தேடினோம்: லைலாக் புதருக்கு அடியில் புதைத்தது, விஷச்செடியைத் தேநீரில் போட்டது, மண்வெட்டியால் அடித்தது. நம் நாட்டு ஜனங்கள் சாது, இரண்டே வருஷத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. பிறகு எந்தக் குற்றமானாலும், நடிகர்களை வைத்து எடுக்கும் காட்சியின் ஓரத்தில் ஒரு ஜெரேனியம் பூந்தொட்டியை வைத்தான் மெர்வின். வங்கிக் கொள்ளையில் ஜெரேனியம். கார்த் திருட்டில் பின்சீட்டில் ஜெரேனியம். ஒட்டாவாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுல தோட்டம் எங்கேங்க இருக்கு?" என்று கேட்டார். மெர்வின் விரலால் காட்டினான். "அது வாடியிருக்கே?" என்றார். "சாவு வீடு இல்லீங்களா, தண்ணி ஊத்த யாரு இருக்கா?" என்றான் மெர்வின். அந்த மனிதர் ரொம்ப நேரம் எதையோ எழுதினார், போகும்போது ஒரு கிளையை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். உரிமத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வருஷத்தில் விதிகளே தளர்ந்துவிட்டன; அலைவரிசைக்குக் 'குற்றத்தடம்' என்று பெயர் மாற்றினோம், தொட்டியை எடுத்தோம். ஜெரேனியத்துக்கு என்ன ஆயிற்று, அதையும் கொன்றுவிட்டார்களா என்று கேட்டு வந்த கடிதங்கள் ஒரு மூட்டை.

நீ நினைக்கிற மாதிரி இது பாவத் தொழில் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். டோஃபினில் அக்கா தங்கை இருவர், பதினோரு வருஷமாகக் காணாமல் போன தம்பியைப் பற்றி எங்களிடம் வந்து அழுதார்கள். பனிவண்டி யாருக்கு என்ற சண்டையில் கிளம்பிப் போனவனாம். ஒரு மணி நேர நிகழ்ச்சி செய்தோம். நான் என் கிணற்றுக் குரலில் "அதற்குப் பிறகு கார்வினை உயிரோடு யாரும் பார்க்கவில்லை" என்று முடித்தேன். அடுத்த நாள் காலையில் அலுவலகத்துக்கு ஃபோன். நான்தான் எடுத்தேன்.

"நான் கார்வின் பேசறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவுல மர அறுவை ஆலையில வேலை. என்னை ஏன் சாகடிச்சீங்க? அதுவும் அவ்வளவு குண்டான ஆளை என் வேஷத்துல போட்டு?"

நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "அவங்க நெஜமாவே அழுதாங்களா, இல்ல நீங்க அழச் சொன்னீங்களா?" என்றான். நெஜமாத்தான் என்றேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனான். பனிவண்டி துருப்பிடித்துக் கிடந்ததாம், மூன்று பேருமாகச் சேர்ந்து குப்பையில் போட்டார்களாம். எங்கள் அலைவரிசை துப்புத் துலக்கிய ஒரே வழக்கு, குற்றமே நடக்காத வழக்கு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது.

குரலால் சங்கடம் இல்லை என்று சொல்லமாட்டேன். பேருந்தில் பக்கத்து அம்மாளிடம் "நீங்க எங்கே இறங்கறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன், உடனே இறங்கிவிட்டார். உன் கடிதம் வந்த அன்று சமையலறையில் ஜெபத்தைச் சொல்லிப் பார்த்தேன். "இந்த உணவை எங்களுக்குத் தந்தவரே" என்று தொடங்கினேன். பெர்னிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏங்க, தந்தவர் அதுல எதையோ கலந்துட்ட மாதிரியில்ல இருக்கு! அந்தத் துலிப் கிழங்குக் குரல்ல சொல்லுங்க" என்றாள். நான்கு நாள் அவள் எதிரே உட்கார்ந்து பயிற்சி செய்தேன். நேற்று எங்கள் சபையின் அறுவடை விருந்தில் நூற்றிருபது பேர் முன்னால் எழுந்து சொன்னேன். குரல் கிணற்றுக்குள் இறங்கவில்லை. ஆமென் என்றதும் அத்தனை பேரும் உருளைக்கிழங்கை எடுத்துச் சாப்பிட்டார்கள், அக்கா! ஒருத்தர்கூடத் திரும்பிக் கதவைப் பார்க்கவில்லை. பெர்னிஸ் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே பயப்படாதே. இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுவதாக மெர்வினிடம் சொல்லிவிட்டேன். இனிக் கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. கல்யாணத்துக்குச் சாதுவான ஒரு கிழவன் வந்து ஜெபம் சொல்லி, கேக் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

மணப்பெண்ணுக்கும், முகம் தெரியாத மாப்பிள்ளைக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளையும் குறுகிய குளிர்காலங்களையும் தரட்டும். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன் தம்பி,
லைல் ஹாகன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மெர்வின் ஃபோன் செய்தான். ஓய்வு இப்போதைக்கு இல்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். புதுத் தொடரின் முதல் பகுதி உங்கள் ஊரில்தானாம்: 1974-இல் பட்டப்பகலில் எரிந்துபோன கூட்டுறவுத் தானியக் கிடங்கு, யார் வைத்த தீ என்று இன்றுவரை தெரியவில்லை. படப்பிடிப்புக் குழு கல்யாண வாரத்திலேயே வருகிறது. கிடங்கு எரிந்த அன்று மத்தியானம் ஸ்டான் அத்தான் எங்கே இருந்தார் என்று மெதுவாகக் கேட்டு வை. எனக்கு எழுத வேண்டாம், காமிராவிடம் சொன்னால் போதும். இந்த நிலைமையில் ஜெபத்தைப் பாஸ்டரே சொல்வதுதான் முறை. நான் அத்தானுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொள்கிறேன்.