ஓவர்கோட்டில் ஒரு பேரினம்

இந்த வீட்டில் இனி ஒரு பூச்சியும் பெயர் தெரியாமல் சாகக்கூடாது என்று 1988 நவம்பரில் நான் பிரகடனம் செய்தேன். காரணம் கருணையல்ல. என் ஓவர்கோட்.

பச்சைக் கம்பளி. லண்டனுக்கு வந்த முதற் குளிரில் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் எங்கள் ஃபாரஸ்ட் கேட் தெருப் புறாக்கள்கூட எனக்கு வழிவிடும். அதில் அந்துப்பூச்சி பிடித்திருப்பதை என் மனைவி சிவகௌரி கண்டுபிடித்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, கோட் முழுக்க ஓட்டை. செவ்வாய்க்கிழமை குப்பை லொறி வரும். எறியப்போறன்."

"பொறு கௌரி. எந்த இனம் எண்டு தெரியாமல் தொடக்கூடாது."

"அந்துக்கு இனசனம் விசாரிச்சே கொல்லுறது?"

"டினியா எண்டு ஒரு பேரினம். அதுக்குள்ளை கன இனம். எல்லாம் சாம்பல், எல்லாத்துக்கும் செட்டையிலை மூண்டு புள்ளி. சிலது எங்கையும் கிடக்கும். சிலது அபூர்வம்."

"எங்கடை வீட்டிலை இருக்கிறது?"

"அபூர்வமா இருக்கலாம். முடிவு தெரியுமட்டும் புழுவையும் கோட்டையும் பிரிக்கக்கூடாது. அதுதான் அதின்ரை சாப்பாடு."

திட்டம் எளிது. ஆராய்ச்சியை மார்ச் வரை இழுத்தால் குளிர் கழிந்துவிடும். எறிவதைக் கௌரியும் மறந்துவிடுவாள், கோட் பிழைத்துவிடும்.

ஒப்புக்கு நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்தேன். அதுதான் வினை. புழு என் கம்பளியையே பிய்த்துக் குட்டி உறை தைத்து, அதற்குள் இருந்தபடி ஊர்ந்தது. என் கோட்டில் கோட் போட்டிருக்கிறது! அதன் பெயரை அறியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புத்தகமோ கவுன்சில் படிவம் மாதிரி இருந்தது. புள்ளி தெளிவானால் ஆறாம் எண்ணுக்குப் போ. மங்கலானால் ஒன்பதுக்குப் போ. ஒன்பதுக்குப் போனேன். சிறகின் செதில் உதிர்ந்திருந்தால் புள்ளியை நம்பாதே, ஆறையும் பார் என்றது. ஆறு, ஒன்பது, ஆறு, ஒன்பது. நான்கு நாளில் என் கண்ணிலும் மூன்று புள்ளி தெரிந்தது. கடைசிப் பக்கத்தில்தான் உண்மையைச் சொன்னார்கள்.

"என்னப்பா, புள்ளியிலை பிடிபடேல்லையோ?" என்றாள் கௌரி.

"இல்லை. பின்பக்கத்தைப் பிரிச்சு மைக்ரோஸ்கோப்பிலை பாக்கவேணும்."

"ஆரின்ரை பின்பக்கத்தை?"

"பூச்சியின்ரை. அதுவும் ஆண் எண்டால் குறிப்பா அந்த இடத்தை…"

"சீ! அம்பத்திரண்டு வயசிலை பாக்கிற வேலையே? அப்ப உங்களுக்கு ஏலாது."

"ஏலாது எண்டு ஆர் சொன்னது? இவ்வளவு குழப்புது எண்டால் அது அபூர்வம்."

"நிச்சயமோ?"

"நூறு வீதம்!"

"சரி," என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் 'சரி' சொன்னபோதே நான் பயந்திருக்கவேண்டும்.

திங்கட்கிழமை பின்னேரம் ஷிப்ட் முடிந்து வந்தால், குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் பொலித்தீன் பை. பைக்குள் என் கோட்.

"பூச்சியியல் சங்கத்தின்ரை செக்ரட்டரி," என்றாள் சிவகௌரி. "புத்தகத்துக்கை அவையின்ரை நோட்டீஸ் கிடந்தது. போன் பண்ணினன்."

அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். புழுக்களைச் சாப்பாட்டோடு சேர்த்தே கொடுக்கும் பெருந்தன்மையை இதுவரை கண்டதில்லையாம்.

நான் தமிழுக்குத் தாவினேன். "கௌரி, யோசிச்சுப் பாத்தால் அது சாதாரண அந்துதான் போலை…"

"அப்படியோ? அப்ப கறுப்புக் குப்பைப் பையை எடுக்கட்டே? நாளைக்கு லொறி வருது."

நான் ஆங்கிலத்துக்குத் திரும்பி, கொண்டுபோங்கள் என்றேன்.

ஜனவரியில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கியபடி பிரித்தேன். பெட்டியில் குத்திவைத்த பூச்சிக்கு எழுதிய சீட்டின் பிரதி அது:

இனம்: எங்கும் உள்ளது. சேகரித்தவர்: திருமதி சிவகௌரி பத்மநாதன். வாழிடம்: கணவர்.