அலாரம் அக்காவும் போனுக்குள் இருந்தவளும்

சங்கரன்கோவிலில் அலாரம் அக்காவின் அனுமதி இல்லாமல் யாரும் எதையும் மறந்துவிட முடியாது. நான் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நாட்களில் தங்கியிருந்த மகளிர் விடுதிக்கு அவர்தான் வார்டன். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது ஆதார் அட்டையில் சும்மா கிடந்தது.

என் அறைத்தோழி செல்விக்கு ஊரில் பெரியவர்கள் யாரும் கிடையாது. அதனால் பெண் பார்க்க விடுதிக்கே வந்தார்கள். பஜ்ஜி தின்றார்கள், காப்பி குடித்தார்கள், மெதுவாகக் கிளம்பினார்கள். அக்கா வாசலை மறித்து நின்றார்.

"குடை, பை எல்லாம் எடுத்துக்கிட்டிய. பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்லத்தான் மறந்துட்டிய."

மாப்பிள்ளையின் அம்மா திகைத்துப்போய், புடிச்சிருக்கு என்று சொல்லிவிட்டார். தை மாதத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் சாம்பாரில் மறுபடி மறுபடி உப்புப் போட்டார். இன்னொரு நாள் என்னைச் செல்வி என்றும், செல்வியை ஊர் பேர் தெரியாத யாரோ ஒரு சரோஜா என்றும் கூப்பிட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. திருநெல்வேலிக்கு அழைத்துப்போனபோது டாக்டர் மறதி நோய் என்றார். மாத்திரை கொடுக்கலாம், ஆனாலும் கூடிக்கொண்டேதான் போகும் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மொதலாளிக்குத் தெரிஞ்சா அனுப்பிருவாரு, மக்கா." அந்த விடுதியை விட்டால் அவருக்குத் திருவேங்கடத்தில் தம்பி வீடு மட்டும்தான்.

செல்வி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அக்காவின் போனில் அன்றாட வேலைகளைக் குறித்துவைக்கும் செயலி ஒன்றைப் போட்டு, பேசினால் புரிந்துகொள்கிற ஏஐ உதவியாளர் ஒன்றை அதோடு இணைத்தாள். பட்டியலைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று திரையில் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. முதல் இரண்டுக்கும் அக்கா தலையாட்டினார்.

"அழிக்கதுக்கு மட்டும் குடுக்காத, செல்வி. அந்த வேலைய என் மண்டையே பாத்துக்கிடுதுல்லா."

செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தப் பொத்தானை அணைத்து வைத்தாள்.

முதல் வாரம் பெரிய சண்டை. "வணக்கம், அடுத்த வேலை, தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் போட வேண்டும்" என்று போன் பணிவாகச் சொல்லும். "எனக்கே சொல்லித்தாரியா, ஏட்டி?" என்று அக்கா சீறுவார். சீறிக்கொண்டே போய் மோட்டாரைப் போடுவார். அவர் முணுமுணுப்பதையெல்லாம் அது வேலை என்று எடுத்துக்கொண்டது. ஒருநாள் காலை சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் அறிவித்தது: "இன்றைய வேலை, செல்வி உருப்பட வேண்டும். காலை ஏழு மணி." செல்வி எழுந்து வந்து 'முடிந்தது' என்பதை அமுக்கிவிட்டு இட்லியைத் தொடர்ந்தாள்.

முதலாளிக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. விடுதியைப் பார்வையிட வந்தால் கேள்வியாகக் கேட்டுத் துளைப்பார். அன்று அக்கா முக்காடு போட்டு, ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார். தொட்டி எப்போது கழுவியது, யார் அறையில் மின்விசிறி ஓடவில்லை, எல்லாவற்றுக்கும் போனுக்குள் இருந்தவள் சொல்லச் சொல்ல அக்கா பதில் சொன்னார்.

"உங்க ஞாபகசக்தி யாருக்கும் வராதும்மா" என்றார் முதலாளி.

அவர் போன பிறகு அக்கா போனை முந்தானையால் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

கார்த்திகையில் ஒரு மாலை. வேலை முடிந்து வந்தால் வாசல்வரை கருகல் வாடை. சமையலறை புகையாகக் கிடந்தது. அடுப்பு எரிய, பால் வற்றி, பாத்திரத்தின் அடி சிவந்திருந்தது. நான் ஓடிப்போய் கேஸை மூடினேன். அக்கா கூடத்தில் அமைதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். புகையைக் கண்டபிறகுதான் அவர் முகம் மாறியது.

"பால் எறக்கியாச்சான்னு அது கேட்டுது. ஆச்சுன்னேன். எறக்குன மாதிரியேதான் இருந்துது, மக்கா." கொஞ்ச நேரம் போனைப் பார்த்தார். "அது என்ன செய்யும் பாவம். நான் சொல்லுதத நம்புது."

அன்றே முதலாளிக்கு அவரே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். வேண்டாம், நாங்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொள்கிறோம் என்று அழுதோம்.

"இத்தன புள்ளைய தூங்குத எடம் இது. என்னைய நம்பி தூங்காதிய" என்றார்.

இரண்டு நாளில் தம்பி வந்தார். டவுன் பஸ் கிளம்பும்வரை நாங்கள் ஜன்னலோரம் நின்றோம். யாரும் எதையும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. அவரும் எங்களுக்கு எதையும் நினைவுபடுத்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

செல்விக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, போன பங்குனியில் நானும் அவளும் திருவேங்கடம் போயிருந்தோம். போன் தானாகப் பேசினால் அக்கா பயப்படுகிறார் என்று அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டதாகத் தம்பி மனைவி சொன்னார். அக்கா மெலிந்திருந்தார். செல்வியின் கைக்குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பெயர் வரவில்லை. வரவில்லை என்ற கவலையும் இல்லை.

பிறகு என்னைக் கையைக் காட்டி அழைத்தார். "தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு அலையாத, ஏட்டி. இங்கன உக்காரு, பின்னிவிடுதேன்."

நான் காலையிலேயே பின்னியிருந்தேன். அதை அவிழ்த்துவிட்டு, அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.